துளசிக்குப் பின்னால் கோபுரம்

புத்தாண்டு அன்று காலையில் ஆண்டாளிடம் கேட்பதற்கு அனுசியா எதையும் வைத்துக்கொள்ளவில்லை. சொல்வதற்குத்தான் ஒன்று வைத்திருந்தாள்.

இனிமேல் சுடப் போவதில்லை.

போன வாரம் மதுரைப் போட்டி முடிந்து திரும்பும் பஸ்ஸில் அவள் எடுத்த முடிவு அது. நமக்குத் தெரியும், அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் கணவன் சூர்யபிரகாஷுக்குத் தெரியாது. கல்லூரி நாளில் அவள் கையில் முதன்முதலாக ஏர் பிஸ்டலைக் கொடுத்த கோச் சௌந்தரபாண்டியனுக்கும் தெரியாது.

தோற்றதால் வந்த முடிவு அல்ல. தோல்வி அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று பிஸ்டலை நீட்டியபோது கை ஆடியது. இறக்கிவிட்டு, மூச்சை விட்டு, மறுபடி நீட்டினாள். மறுபடியும் ஆடியது. அப்படி ஆடும் ஒரு கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் அப்பா வீரணனின் வலது கை.

நடுக்குவாதம் என்றார் டாக்டர். அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று அனுசியா தானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால், பெற்ற பிள்ளைக்கு இதையா கொடுத்தோம் என்று அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

இன்று மதியம் சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் எல்லோரும் கூடுவார்கள். வருடத்தின் முதல் நாளில் ஒவ்வொருவராகக் கோட்டுக்கு முன்னால் வந்து, இந்த வருடம் என்ன செய்யப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரே ஒரு பெல்லட் குண்டு சுட வேண்டும். அது அந்தக் கிளப்பின் வழக்கம். அங்கே சொல்லிவிடலாம். அதற்கு முன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வரலாம்.

ஸ்கூட்டரை எடுத்தவளைப் பின்னாலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"மதினி! கண்ணாடிய மறந்துட்டுப் போறீங்க!"

பூசணிப்பூ வைத்த கோலத்தைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தாள் காளீஸ்வரி, சூர்யபிரகாஷின் தங்கை.

"மறக்கல காளி. பனியில மூடிக்கிடும்னுதான்..."

"பனியோ வெயிலோ, வெறுங்கண்ணோட வண்டி ஓட்டக் கூடாது. கடையில ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, சொந்த மதினிய இப்படி விட்டா என்னை யாரு மதிப்பா?"

அவளே கண்ணாடியை அனுசியாவின் காதுகளில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காரவைத்து, ஒரு அடி பின்னால் போய் நின்று ரசித்தாள்.

ஆடி மாதம் கூமாப்பட்டியிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்தவள் காளீஸ்வரி. கணவனான தென்னந்தோப்புக்காரன் அழகுராஜாவோடு அவளுக்கு என்ன சண்டை என்று அவளும் முழுதாகச் சொல்லவில்லை, இவர்களும் துருவவில்லை. அனுசியாவின் மாமியார் வெங்கடேஸ்வரி மட்டும் தினமும் விளக்கேற்றும்போது சாமி படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பார். பிறகு தென்காசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் காளீஸ்வரிக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு வளையல்கூட வாங்கவில்லை. பஸ் போர்டைப் படிக்க மதினி கண்ணைச் சுருக்குவதைக் கவனித்து வைத்திருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண்ணைச் சோதிக்க வைத்து, ஐப்பசியில் இந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

"இனிமே பாருங்க, உங்க குறி தப்பவே தப்பாது!"

வீடே நம்பியது. கோச்சும் நம்பினார். நன்றாகத் தெரிந்தால் நன்றாகச் சுடலாம் என்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"மத்தியானம் ரேஞ்சுக்கு நானும் வாரேன் மதினி. இன்னைக்குக் கடை சாயந்தரம்தான் தொறக்கும்" என்றாள் காளீஸ்வரி.

அனுசியா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "வா" என்று மட்டும் சொன்னாள்.

* * *

மார்கழிக் கூட்டத்தோடு புத்தாண்டுக் கூட்டமும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் நிரம்பி வழிந்தது. வீரணன் கழுத்தில் மப்ளரோடு வரிசையில் மகளுக்கு முன்னால் நின்றார். வலது கையைச் சட்டைப்பையில் விட்டிருந்தார். வெளியே எடுத்தால் ஆடும்.

"என்ன பட்டாளத்தாரே, மக வந்திருக்கா போல!" என்றார் வரிசையில் நின்ற தெருக்காரர் ஒருவர். "இந்த வருசமாச்சும் தங்கம் வாங்கிருவாள்ல? அப்பன் ரத்தம் சும்மாவா போகும்?"

"யோவ், அப்பன் பட்டாளத்துல சப்பாத்தி உருட்டுன ஆளு. என் ரத்தத்துல குறி எங்க இருக்கு? கோதுமைதான் இருக்கு."

வரிசையே சிரித்தது. அனுசியாவால் சிரிக்க முடியவில்லை.

சன்னதிக்கு முன்னால் நின்றபோது, சொல்ல வைத்திருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. "தாயே" என்றாள். அதற்குள் பின்னால் நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள். கையில் ஒரு துளசிக் கொத்து விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் நாம் சொல்லி முடிக்காததையும் சேர்த்துக் கேட்கிறவள்தானே அவள்.

பிரசாதப் பொங்கல் தொன்னையை வாங்கிக்கொண்டு மதில் ஓரத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். பொங்கலின் ஆவி பட்டு அனுசியாவின் கண்ணாடி மூடிக்கொண்டது. கழற்றி மடியில் வைத்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுவிட்டு, தன் வலது கையையே பார்த்தாள். இன்னொரு வாய். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

வீரணன் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கையை எதுக்கு அப்படி உத்து உத்துப் பாக்க? மோதிரம் கீதிரம் தொலஞ்சு போச்சா?"

அவ்வளவு சாதாரணமாகக் கேட்டதால்தானோ என்னவோ, அனுசியாவுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. கை ஆடியதையும் பஸ்ஸில் எடுத்த முடிவையும், பக்கத்தில் பொங்கல் தின்றுகொண்டிருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

வீரணன் தொன்னையைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"எப்ப ஆடுது?"

"பிஸ்டலத் தூக்கும்போது."

"சும்மா மடியில வச்சிருக்கையில?"

"இல்ல."

"டிவி பாக்கையில? பஸ்ஸுல உக்காந்திருக்கையில?"

"இல்லப்பா. தூக்குனாத்தான்."

வீரணன் சிரிக்க ஆரம்பித்தார். மெல்லத் தொடங்கி, மப்ளர் நழுவி விழும் அளவுக்குச் சிரித்தார்.

"இங்க பாருட்டி" என்று தன் வலது கையை முழங்கால் மேல் வைத்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நூல் திரிப்பதுபோல ஆடின. பிறகு அதே கையால் தொன்னையை எடுத்தார். ஆட்டம் அடங்கி, கை ஒழுங்காக வாய்க்குப் போனது. "இது சோம்பேறிக் கை. சும்மா இருந்தா ஆடும், வேலை கொடுத்தா நிக்கும். டாக்டரு மொத நாளே எங்கிட்டக் கேட்ட கேள்விதான் நான் ஒங்கிட்டக் கேட்டது. ஒனக்கு வேலை கொடுத்தாத்தான ஆடுது? அது வேற, இது வேற. என் சொத்துல இதுல மட்டும் ஒனக்குப் பங்கு கெடையாது."

"நெசமாவாப்பா?"

"அடுத்த வாரம் நான் டாக்டர்கிட்டப் போகணும். நீயும் வா, அவிய வாயாலயே சொல்லட்டும். அதுவரைக்கும் நீயா டாக்டராகி மருந்து எழுதிக்கிடாத."

நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது அனுசியாவுக்கு. மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது.

"அப்ப எதுக்குப்பா ஆடுது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது உப்பும் மாவும். எங்க, நீட்டு, பாப்போம்."

அனுசியா எழுந்து நின்றாள். கையில் துப்பாக்கியா இருக்கிறது? துளசிக் கொத்துதான் இருந்தது. அதையே கைப்பிடிக்குள் நிமிர்த்திப் பிடித்து, தோள் உயரத்துக்குக் கையை நீட்டினாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

துளசியின் நுனி இலை, அதன் நரம்பு, அதில் ஒட்டியிருந்த ஒரு துளித் தண்ணீர் எல்லாம் கூர்மையாகத் தெரிந்தன. அதற்குப் பின்னால் அவ்வளவு பெரிய கோபுரம் வெறும் சாம்பல் நிற நிழலாக, பனியில் கரைந்ததுபோல் நின்றது.

கை ஆடவில்லை.

இந்தக் காட்சியை எங்கோ தொலைத்துவிட்டோமே என்று அவளுக்குத் திடீரெனத் தோன்றியது. முன்பெல்லாம் ரேஞ்சில் இப்படித்தான் தெரியும். குழல் நுனியில் நிற்கும் சின்னக் கறுப்பு முனை, ஃப்ரண்ட் சைட் என்பார்கள், அது மட்டும் தெளிவாக இருக்கும். தூரத்தில் இருக்கும் வட்டம் ஒரு மங்கலான பொட்டு.

குனிந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

கோபுரம் முன்னால் ஓடி வந்தது. ஒவ்வொரு சிலையும், மாடத்தில் உட்கார்ந்த ஒவ்வொரு புறாவும் தெரிந்தன. கண் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டது. துளசி இருக்கும் இடமே தெரியவில்லை. ஒரு புறாவின் மேல் துளசியை நிறுத்தப் பார்த்தாள். கை ஆடியது.

யாருடைய கையும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மங்கலான வட்டத்தின் மேல் அந்த ஆட்டம் தெரியாது. தெளிவான வட்டத்தின் மேல் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயந்தாள். பயந்ததும் அதிகமாக ஆடியது. முனையைத்தான் பார்க்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம், கண் அவளுக்குத் தெரியாமல் வட்டத்துக்கு ஓடிவிட்டிருந்தது.

அனுசியா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"என்னட்டி?"

"கண்ணாடிப்பா!"

"ஒடஞ்சு போச்சா?"

"இல்ல. ரொம்ப நல்லாத் தெரியுது!"

வீரணன் மகளை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத் தெரிஞ்சா அழுவாங்களா?"

விளங்கும்படி சொன்னாள். கேட்டுவிட்டுத் தலையாட்டியவர், கடைசியில் ஒன்று கேட்டார். "அந்தப் பிள்ள ஆசையா வாங்கிக் கொடுத்ததாச்சே. அதுகிட்ட எப்படிச் சொல்லுவ?"

அனுசியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. வாழ்க்கையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு பெண், கையில் கிடைத்த முதல் சம்பளத்தில் வாங்கியது. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதோடு வந்த அன்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

* * *

பழைய பஞ்சுக் கிடங்கைத்தான் ரேஞ்சாக மாற்றியிருந்தார்கள். ஒரு கோடியில் டார்கெட் அட்டைகள், மறுகோடியில் மேசைகள், மேசைகளுக்குச் சற்றுப் பின்னால் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்குப் பின்னால் போட்ட நாற்காலிகளில் முன்வரிசையில் காளீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவரிடம், "அவிய கண்ணாடி நான் வாங்கிக் கொடுத்தது" என்று சொல்வது அனுசியா காதில் விழுந்தது.

சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்த ஜோயல் முதலில் கோட்டுக்கு வந்தான்.

"இந்த வருசம் போட்டிக்கு முந்தின நாள் புரோட்டா திங்க மாட்டேன் சார்."

"சால்னா?" என்றார் கோச்.

"மோந்துகூடப் பாக்க மாட்டேன்."

அடுத்து பியூலா. "நான் ஜோயல முந்துவேன். அவன் புரோட்டா தின்னாலும் சரி, திங்காட்டியும் சரி."

சிரிப்பும் கைதட்டலும் அடங்கியபின், "அனுசியா, வா. ஒன் கணக்குத்தான் எனக்கு முக்கியம்" என்றார் கோச். தேசியப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டிய புள்ளியை அவள் வாயால் கேட்க ஆசை அவருக்கு.

அனுசியா மேசைக்கு வந்தாள். கண்ணாடியோடுதான் வந்தாள். ஒரு குண்டுதானே, எங்கே போனால் என்ன, இத்தனை பேர் முன்னால் அந்தப் பெண்ணின் முகம் வாட வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் நினைத்தாள்.

கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். விளிம்புக்கு மேலாகப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். மறுபடி மேலே ஏற்றினாள்.

"ஏம்மா! மஞ்சக் கோட்டத் தாண்டக் கூடாது!" என்று கோச் கத்தினார்.

காளீஸ்வரி தாண்டிவிட்டிருந்தாள்.

"துப்பாக்கி மேசையிலதான சார் இருக்கு? இன்னும் குண்டுகூடப் போடல. செத்த நேரம்."

மதினியின் முன்னால் வந்து நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கழட்டுங்க."

"காளி..."

"நாள் பூரா கடையில மூஞ்சிகளத்தான பாக்கேன் மதினி? பிடிக்காத கண்ணாடியப் போட்டவிய இப்படித்தான் விளிம்புக்கு மேல எட்டிப் பாப்பாங்க. நல்லா இருக்குன்னு வாயி சொல்லும், மூக்கு சொல்லாது. எனக்காக ஒண்ணும் போட்டுக்கிட வேண்டாம்."

அனுசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிடிக்காம இல்ல. தூரம் அம்புட்டு நல்லாத் தெரியுது. எனக்கு இங்க நின்னா தூரம் தெரியக் கூடாது. கைக்கு முன்னால இருக்கிறதுதான் தெரியணும். இன்னைக்குக் காலையிலதான் எனக்கே விளங்குச்சு."

காளீஸ்வரியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "அப்ப மதுரையில தோத்தது என்னாலயா?"

"சும்மா இரு. இத்தனை வருசம் சுடுற எனக்கே தெரியல. கோச்சுக்கும் தெரியல. ஒனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் கோச் தன் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "முனையப் பாரு, முனையப் பாருன்னு தொண்ட கிழியக் கத்துனேனே. ஏன் பாக்க முடியலன்னு ஒரு நாளு கேட்டேனா?"

காளீஸ்வரி கண்ணாடியைத் தன் கையாலேயே கழற்றினாள். துப்பட்டா நுனியில் துடைத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு மெல்ல ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"தூரம் தெரியாத கண்ணாடி வேணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான் மதினி. கடையில சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், கேட்டுப் பாக்கேன்."

கோட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு அனுசியா" என்றார் கோச்.

"இந்த வருசம் நான் வட்டத்தப் பாக்க மாட்டேன் சார்."

ஜோயல் கொல்லென்று சிரித்தான். பியூலா அவனை இடித்தாள்.

"எத்தனை பாயிண்டுன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால இருக்கிற முனையப் பாப்பேன். பாயிண்டு அதுவா வரட்டும். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினாள். "கை ஆடுனா யாருகிட்டயாவது உடனே சொல்லுவேன். மனசுக்குள்ளயே வச்சுப் பூட்டிக்கிட மாட்டேன்."

இரண்டாவது என்ன என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய ஆண்டாள் காலையிலேயே கேட்டுவிட்டாள், கையில் கிளியோடு.

பெல்லட்டைப் போட்டாள். பிஸ்டலை நீட்டினாள். தூரத்தில் வட்டம் மங்கியது. முனை மட்டும் நின்றது, துளசியைப் போல.

டப்.

அட்டை வருவதற்கு முன்பே, "ஒன்பது. கொஞ்சம் வலது பக்கம்" என்றாள்.

கம்பியில் ஊர்ந்து வந்த அட்டையைக் கோச் எடுத்துப் பார்த்தார். ஒன்பது. கொஞ்சம் வலது பக்கம். பத்து கிடைத்திருந்தால்கூட அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார். குண்டு போன இடம் பார்க்காமலே சுட்டவளுக்குத் தெரிகிறது என்றால், கண் இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று பொருள்.

வெளியே வந்ததும் அனுசியா கணவனுக்குப் போன் செய்தாள். பின்னால் தறிச் சத்தம் இரைந்தது.

"ஏங்க, நான் சுடுறத நிறுத்தல!"

"என்னது?"

"சுடுறத நிறுத்தலன்னேன்!"

"நீ எப்பட்டி நிறுத்துன?"

அவள் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

* * *

"கடையில விட்டுட்டுப் போறேன், ஏறு காளி. அந்தக் கண்ணாடியக் குடு."

காளீஸ்வரி தயங்கினாள். "எதுக்கு மதினி? வேண்டாம்னா விடுங்க, நான் கடையிலயே..."

"வண்டி ஓட்ட வேண்டாமா? வெறுங்கண்ணோட ஓட்டக் கூடாதுன்னு காலையில சத்தம் போட்டது யாரு?"

மூடியிருந்த உள்ளங்கை திறந்தது. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்ட அனுசியாவுக்குத் தென்காசி ரோடு கடைசி வரை பளிச்சென்று விரிந்தது. கடைப் பெயர்கள், கம்பத்தில் கட்டிய புத்தாண்டுத் தோரணம், எதிரே வந்த பஸ்ஸின் போர்டு, எல்லாம். முதல் சம்பளம் வீணாகப் போகவில்லை. அது உட்கார வேண்டிய இடம் இதுதான்.

பின்னால் இருந்த காளீஸ்வரி புதுக் கண்ணாடிக்கு எந்த ஃப்ரேம் பொருந்தும் என்று பேசிக்கொண்டே வந்தாள். மதினியின் முதுகு மறைத்ததில் அவளுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை.

அனுசியாவுக்குத் தெரிந்தது. தூரத்தில், ஷட்டர் இறக்கியிருந்த கண்ணாடிக் கடையின் வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். தோளில் பச்சைத் துண்டு. கையில் ஒரு குலை இளநீர். அதைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான், அழகுராஜா.

ஸ்கூட்டரின் வேகம் தானாகக் குறைந்தது.

"ஏன் மதினி மெதுவாப் போறீங்க? பள்ளமா?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சற்றுமுன் எல்லோர் முன்னாலும் சொன்னது நினைவுக்கு வந்தது. வண்டியை வேப்பமரத்தடியில் ஓரமாக நிறுத்திக் காலை ஊன்றினாள்.

"காளி, என் தோளப் பிடிச்சுக்க. ஒண்ணு சொல்லணும்."